மழைக்கு ஒன்று, தேயிலைக்கு இரண்டு

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகள் தர்ஷினி நுவரெலியாவிலிருந்து போன் பண்ணினாள். அங்கே ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. நுவரெலியாக் குளிரில் யார் குளத்தில் இறங்குவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சுடுதண்ணீர்க் குளமாம். வெள்ளைக்காரர்கள் ஆவி பறக்கப் பறக்க உள்ளே கிடக்கிறார்களாம். அவர்கள் மூழ்காமல் பார்த்துக்கொள்வது என் மகளின் வேலை.

“அப்பா, ஹோட்டல்ல ஒரு போர்ம் குடுத்திருக்காங்க. வேலையில மன அழுத்தம் எவ்வளவு இருக்குன்னு ஒன்னுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போடணுமாம். இருபது கேள்வி. என்னா போடட்டும்?” என்றாள்.

என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது. மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தாள். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஒன்னும் போடாத. பேனாவத் தொடாத. நான் திருப்பி எடுக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு போர்முக்கு இவ்வளவு நடுங்குகிற ஆளா என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். ஆனால் இருபது கேள்வியும் ஐந்து நம்பரும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கோல்ஃப் கிளப்பில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகளும் ஐந்தாம் குழிக்குப் பக்கத்தில் இருக்கிற மடுவம், அதாவது மழைக்கு ஒதுங்குகிற கொட்டகை, எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதை எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். றொசல்லைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில், ஒன்பது குழி கொண்ட ஒரு சின்னக் கோல்ஃப் மைதானத்தில் வேலை. கிளப்பின் பெயர் வேண்டாம். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தேன். அது இன்னும் வரவில்லை. மூன்று வருடம் கெடியாக, அதாவது ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவனாக, இருந்தேன். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் கெடி மாஸ்டர் ஆக்கினார்கள். ஊருக்குள் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நியமனம் கிடைத்த மாதிரிதான்.

காலை ஆறரைக்குப் பெரட்டு. தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் போலவேதான். பதினெட்டுக் கெடிகளுக்கும் ஆளுக்கொரு நம்பர்த் தகடு, ஆணியில் தொங்கும். தகட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தால் இன்றைக்கு அவனுக்கு வேலை. அதற்குப் பிறகு நான் சட்டங்களை வாசிப்பேன். துரை, அதாவது ஆடுகிற அங்கத்தவர், அடிக்கும்போது இருமக்கூடாது. துரையின் பந்துமேல் கெடியின் நிழல் விழக்கூடாது. துரை பார்க்கிற இடத்தில் உட்காரக்கூடாது. துரை எங்கே வேண்டுமானாலும் பார்ப்பார் என்பதால் எங்குமே உட்காரக்கூடாது. மழை பெய்தால் குடை துரைக்கு. கெடி மழைக்குப் படங்கு கட்டக்கூடாது.

இந்தப் படங்குச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் படங்கைத்தான் கெடிகளும் ஒரு காலத்தில் கட்டினார்கள். காற்றடித்தால் அது சரசரக்கும். ஒரு துரை குழிக்கு அரை அடி தூரத்திலிருந்து பந்தைத் தவறவிட்டார். படங்குச் சத்தம்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து தடை. றொசல்லையில் வருடத்தில் பாதி நாள் மழை. மற்றப் பாதி நாள் மழை வரப்போகும். பதினெட்டுப் பேரும் துரைமாரின் நிம்மதிக்காகச் சத்தமில்லாமல் நனைந்தார்கள்.

எங்கள் மேலதிகாரி கிளப் செக்ரட்டரி விஜேகோன் துரை. முப்பது வருடம் தோட்டங்களில் துரையாக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களவர் என்றாலும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் மாதிரித் தமிழ் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைக்கிற நேரத்தை வைத்துக் கோபத்தின் அளவைக் கண்டுபிடிக்கலாம். ஒரு கண்ணாடி மட்டும் துடைத்தால் தப்பித்தோம். இரண்டும் துடைத்தால் ஒரு வாரம் வேலை இல்லை. துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எல்லாம் முடிந்ததும் “நல்லது” என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் கெடிகள் ஓடிப்போய் ஆணியில் தங்கள் தகடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இனி, வெளியே சொல்லக்கூடாத விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கோல்ஃபில் எத்தனை குறைவான அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறோமோ அத்தனைக்கு நல்லது. குறைந்த மொத்தம் எடுத்தவருக்குக் கோப்பை. ஸ்கோர் கார்டில் எழுதுவது துரை. ஆனால் அவர் எண்ணுவதில்லை. குழிக்குள் பந்து விழுந்ததும் திரும்பி, “எத்தன?” என்பார். கெடிதான் சொல்ல வேண்டும்.

எங்கள் கெடிகள் குறைத்துச் சொல்வார்கள்.

யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. அது ஒரு மரியாதை. அதற்கு முறையும் உண்டு. மழை பெய்தால் ஒரு அடி கழிக்கலாம். பந்து தேயிலைக்குள் போனால் இரண்டு. துரையின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தால் மூன்று வரைக்கும் போகலாம். ஆனால் நான்கு அடியில் முடித்த குழிக்குக் கழிக்கக்கூடாது. நன்றாக அடித்தவருக்கு உண்மையே மரியாதை. புதிதாக வருகிற கெடிகளுக்கு இதை நானே பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். எங்கள் அம்மாமார் எடுத்த கொழுந்தை நிறுக்கும்போது இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். அம்மாமார் வாய்க்குள் திட்டுவார்கள். மகன்மார் கிளப்புக்கு வந்து துரைமாரின் அடியைக் கழித்தோம். துரைமார் நன்றி சொன்னார்கள்.

இந்தக் கலையில் மாடசாமி அண்ணனை யாரும் மிஞ்ச முடியாது. பத்தாம் நம்பர்த் தகடு. ஒன்பது அடிகளை அவர் ஏழு என்று சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தேகம் வரும். கொஞ்சம் யோசித்து, விரல் விட்டு எண்ணி, “ஏழு தொரை… ஆமா, ஏழுதான்” என்பார். துரைக்கே வெட்கமாக இருக்கும், எட்டு என்று நினைத்ததற்கு. விஜேகோன் துரைக்கு நிரந்தரக் கெடி அவர்தான். நான் சொல்லப்போகிற கதைக்கு முந்திய வருடக் கோப்பையை விஜேகோன் துரை, ஒன்பது குழியையும் இரண்டு சுற்று ஆடி, எண்பத்து மூன்று அடிகளில் வென்று, செக்ரட்டரி அறையின் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தார்.

இப்போது மின்னல்.

ஐந்தாம் குழி மைதானத்தின் உச்சியில் இருக்கிறது. அங்கே துரைமார் ஒதுங்க ஒரு கல் அறை. வாசலில் ‘அங்கத்தவர்களுக்கு மட்டும்’ என்று பலகை. கெடிகள் ஒதுங்க ஒரு டர்பண்டைன் மரம். அந்த மலையிலேயே உயரமான மரம் அது. இரும்பு மட்டைகள் நிறைந்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு, இடி முழங்கும்போது, மலை உச்சியில், உயரமான ஒற்றை மரத்தின் கீழ் நிற்பது எங்கள் வேலை ஒழுங்கில் ஒரு பகுதி.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரம், பின்னேரம் மூன்று மணி. நான்கு துரைமாரை நான்கு கெடிகளோடு அனுப்பியிருந்தேன். கருமேகம் தெரிந்தது. தெரிந்தும் அனுப்பினேன். கெடி மாஸ்டர் மேகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் கீழே தகடு மாட்டும் கொட்டிலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வந்ததும் துரைமார் கல் அறைக்குள் போனார்கள். கெடிகள் மரத்தை நோக்கி நடந்தார்கள். பிறகு மழைத்திரை மறைத்துவிட்டது.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கொட்டிலில் பதினெட்டு ஆணிகளும் அதிர்ந்தன. திரை விலகியபோது மரம் நடுவால் பிளந்து, ஒரு பாதி கீழே கிடந்து புகைந்தது.

நான் தொப்பிகளை எண்ணினேன். எங்கள் கெடிகளுக்குச் சிவப்புத் தொப்பி. ஒன்று. இரண்டு. மூன்று.

மறுபடி எண்ணினேன். மூன்று.

தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து நான்காவது தொப்பி எழுந்தது. மாடசாமி அண்ணன். கையை உயர்த்தி எதையோ காட்டினார். பந்து. மழைக்குச் சற்று முன்னால் விஜேகோன் துரை தன் வாழ்க்கையிலேயே மோசமான அடியை அடித்து, பந்தைத் தேயிலைக்குள் அனுப்பியிருந்தார். மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு பேரையும் “பந்தத் தேடுங்க” என்று கல் அறைக்குள் இருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தக் கோணல் அடிதான் நான்கு குடும்பங்களைக் காப்பாற்றியது.

துரை வெளியே வந்து, புகைகிற மரத்தைப் பார்த்து, பந்தைப் பார்த்து, பழக்கத்தில் “எத்தன?” என்று கேட்டாராம். மாடசாமி அண்ணன் பந்தை நீட்டிக்கொண்டே, “மூணு தொரை” என்றாராம். துரை அடித்தது ஆறு.

எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நான் நின்ற நேரம் இருக்கிறதே, அதிலிருந்து இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. இன்றைக்கும் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தலைகளை எண்ணுவேன். மகள் வந்திருந்தாலும் மொத்தமே மூன்று பேர்தான். இரண்டு தடவை எண்ணுவேன்.

ஐந்தாம் குழியில் கெடிகளுக்கு இடிதாங்கி வைத்த ஒரு மடுவம் வேண்டும் என்று பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். கிளப் கொமிட்டி உடனே மறுக்கவில்லை. வேலைச் சூழல் ஊழியர்களின் மனதை எவ்வளவு பாதிக்கிறது என்று முறையாகப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்களாம். அதற்காகக் கொழும்பிலிருந்து நிலூகா மிஸ் வந்தார். நல்ல பிள்ளை. ஊழியர் நலன் படித்தவர். வெள்ளைச் சப்பாத்து.

கொட்டிலில் எல்லோரையும் உட்கார வைத்தார். துரைமார் இல்லாத நேரம் என்பதால் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு போர்மும் பென்சிலும் கொடுத்தார். இருபது கேள்விகள். “மழையில் நிற்க நேரிடுவது உங்களுக்கு மன உளைச்சலை உண்டாக்குகிறதா?” “மேலதிகாரியின் நடத்தை உங்களை அச்சப்படுத்துகிறதா?” இப்படி. இல்லவே இல்லை என்றால் ஒன்று, எப்போதும் என்றால் ஐந்து. சரி பிழை கிடையாது, மனதில் இருப்பதைப் போடுங்கள், கடைசியில் மொத்தத்தைப் பார்த்துத்தான் கொமிட்டி மடுவத்தை முடிவு செய்யும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். இன்னும் என்னவோ விளக்க வாயைத் திறந்தபோது அவருடைய வெள்ளைச் சப்பாத்துக்குள்ளிருந்து இரத்தம் குடிக்கிற ஒரு அட்டை தலையை நீட்டியது. கொழும்புப் பிள்ளை. முதலில் அட்டையையும் பிறகு இரத்தத்தையும் பார்த்துவிட்டுக் கிளப் கட்டடம் வரைக்கும் ஓடினார். அட்டையைக் கழற்றச் சவர்க்காரத்தோடு ஒரு பெண்ணை அனுப்பி வைத்தேன்.

அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் கெட்டது.

முதலில் எல்லோரும் உண்மையைத்தான் எழுதினார்கள். மழைக்கு ஐந்து. மேலதிகாரிக்கு ஐந்து. பிறகு மாடசாமி அண்ணன் தலையைத் தூக்கி, “மாஸ்டர், கீழ மொத்தம்னு ஒரு பெட்டி இருக்கே, கூட்டணுமா?” என்று கேட்டார். கூட்டுங்கள் என்றேன். பதினெட்டுப் பேரும் கூட்டினார்கள். வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்குள் நம்பர்கள், கடைசியில் மொத்தம். வருடக்கணக்காக நாங்கள் பார்த்த ஒரே காகிதமான ஸ்கோர் கார்டின் உருவம் அது.

“எத்தன?” என்று யாரோ கேட்டார்கள்.

“எம்பத்தெட்டு,” என்றான் ஜெகன். கெடிகளில் இளையவன். கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தது.

“எம்பத்தெட்டா? மானம் போச்சுடா. இத வச்சிக்கிட்டு மடுவம் கேக்கப் போறியா?”

அவ்வளவுதான். பென்சிலின் பின்பக்க ரப்பர் எல்லாப் பக்கமும் தேய ஆரம்பித்தது. ஐந்துகள் மூன்றாயின. மூன்றுகள் ஒன்றாயின. ஒருவன் நாற்பது என்றான். அடுத்தவன் முப்பத்தொன்று என்றான். மாடசாமி அண்ணன் இருபது பெட்டியிலும் ஒன்று போட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டார். “இருபது,” என்றார். இதற்குக் கீழே யாரும் போக முடியாது என்று நினைத்தார். ஜெகன் ஒரு கேள்விக்குப் பூச்சியம் போட்டுப் பத்தொன்பது ஆக்கிவிட்டான். பெரிய சண்டை வந்தது. தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள். ஒரு அடியாவது அடிக்காமல் ஒரு குழியை முடிக்க முடியாது, ஆகவே பூச்சியம் செல்லாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

உயர்தரம் பாஸ் பண்ணிய நான்.

என்னுடைய மொத்தம் எழுபத்தொன்றாக இருந்தது. கெடி மாஸ்டர் கடைசியில் வருவதா என்று யோசித்தேன். அழித்து அழித்து இருபத்து நான்குக்குக் கொண்டுவந்தேன். இருபதே போட்டிருக்கலாம். கொஞ்சம் அடக்கமாக இருக்கட்டும் என்று விட்டேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இவ்வளவு நிம்மதியான ஊழியர்களைத் தன் அனுபவத்தில் கண்டதே இல்லை என்று நிலூகா மிஸ் எழுதியிருந்தார். கொமிட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, கோப்பைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். மடுவம் தேவையில்லை என்று முடிவாயிற்று. இத்தனை நிம்மதியாக இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு பை தூக்கலாம் என்றும் முடிவாயிற்று.

பெரட்டில் இதை வாசித்துக் காட்டினேன். மாடசாமி அண்ணனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“அப்ப, நம்பர் கூடுனாத்தான் ஜெயமா?”

“ஆமாண்ணே.”

“இது என்னா வெளையாட்டு மாஸ்டர்?” என்றார்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. ஐப்பசி வந்தால் பின்னேரம் பின்னேரம் இடி. பிளந்த மரத்தில் மிஞ்சிய பாதி இன்னும் நின்றுகொண்டிருந்தது. கெடிகள், ஆளுக்கு இரண்டு பையோடு, இப்போது அந்தப் பாதியின் கீழே நின்றார்கள். நான் கொட்டிலில் நின்று தொப்பிகளை எண்ணிக்கொண்டேயிருந்தேன். தர்ஷினிக்கு அப்போது உயர்தரப் பரீட்சை நெருங்கியிருந்தது. வேலை போனால் அவளுடைய படிப்பு என்னாகும் என்று ஒரு பக்கம். மூன்று தொப்பி ஒரு பக்கம்.

போர்மில் இருந்த நம்பர்கள் பொய் என்று சொல்ல வேண்டும். ஏன் பொய் என்று துரை கேட்பார். எங்கள் ஆட்கள் எப்போதுமே குறைத்துத்தான் சொல்வார்கள் என்று சொல்ல வேண்டும். எப்போதுமேவா என்று கேட்பார். அதற்குப் பிறகு அலுமாரியில் இருக்கும் கோப்பை எங்கள் இரண்டு பேரையும் பார்க்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை அறைக்குள் போனேன். விஜேகோன் துரை ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். போர்ம் கதை முழுவதையும் சொன்னேன். கூட்டியது, அழித்தது, பூச்சியத்துக்குத் தீர்ப்புச் சொன்னது எல்லாம். பூச்சியத்தில் அவர் மீசை லேசாக அசைந்தது. சிரித்துவிடுவார் என்று நம்பி, வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“எங்க ஆளுங்க வாயில நம்பர் எப்பவும் கொறைஞ்சுதான் வரும் தொரை.”

பேனா நின்றது. “எப்பவுமா?”

அவர் தலையைத் திருப்பி அலுமாரியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“போன வருசம் யாரு எனக்குப் பை தூக்குனது?”

“மாடசாமிங்க தொரை.”

“எத்தன?”

அந்த ஒரு சொல். இருபத்தைந்து வருடம் அதற்குக் குறைத்தே பதில் சொல்லவும் சொல்லிக் கொடுக்கவும் பழகிய நாக்கு. உண்மையில் கழித்தது பதினொன்று. மாடசாமி அண்ணன் அன்றைக்கே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். நாலு என்று சொல்லத்தான் வாய் குவிந்தது. வெளியே எங்கோ மலைக்குப் பின்னால் லேசாக உறுமியது. லொறியாகவும் இருக்கலாம்.

“பதினொன்னு தொரை,” என்றேன்.

வலது கண்ணாடியைத் துடைத்தார். இடது கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். மறுபடி வலதைத் துடைத்தார். மறுபடி இடதை. கீழே றொசல்லை ஸ்டேஷனுக்கு ரயில் வந்து, நின்று, புறப்பட்டுப் போன சத்தம் கேட்டது. அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மூணு இருக்கும்னு நெனச்சேன்,” என்றார் கடைசியில்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: “எனக்கு மட்டுமா? மத்த ஆளுகளுக்கும் உண்டா?”

“எல்லாருக்கும் உண்டு தொரை. கொமிட்டி தொரைமாருக்குக் கொஞ்சம் கூடவே உண்டு.”

“நல்லது,” என்றார்.

அந்த நல்லதுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். வெள்ளிக்கிழமை கொமிட்டிக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். எங்கே போவதற்கு என்று அவள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

கூட்டத்தில் விஜேகோன் துரை எழுந்து நின்று, மடுவம் விஷயத்தில் இரண்டு வழிகள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று, எந்த ஆய்வும் இல்லாமல் இடிதாங்கியோடு மடுவத்தை இப்போதே கட்டுவது, இரண்டு பை உத்தரவையும் எடுத்துவிடுவது. மற்றது, போர்மை மறுபடி நிரப்ப வைப்பது. அப்படியானால் முதல் போர்ம் ஏன் செல்லாது என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தைக் கெடி மாஸ்டர் இப்போது விளக்குவார், குழி குழியாக, அங்கத்தவர் அங்கத்தவராக. முதலில் என் கோப்பையிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லி, கோப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

நான் கதவோரம் நின்றேன். ஏழு துரைமாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன். அதற்கு முந்திய வருடம் கோப்பை வென்றவர் தொண்டையைச் செருமி, மடுவம் மனிதாபிமானத்துக்குரிய விஷயம், அதற்கு ஆய்வு எதற்கு என்றார். மற்றவர்கள் உடனே ஆமோதித்தார்கள். மேசையில் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் நிறைவேறியது. படங்குத் தடையையும் ஒருவர் தானாகவே எடுத்துவிட்டார், யாரும் கேட்காமலே.

மடுவத்தின் சுவரில் ‘அங்கத்தவர்களின் அன்பளிப்பு’ என்று ஒரு தகடு இருக்கிறதே, அதன் வரலாறு இதுதான்.

ஐப்பசியின் இரண்டாவது வாரத்தில் முதல் பெரிய இடி விழுந்தது. நான் கொட்டிலில் நின்றேன். மடுவத்தின் தகரக் கூரைக்குக் கீழே சிவப்புத் தொப்பிகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு விஜேகோன் துரை, தன் அடிகளை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று மாடசாமி அண்ணனுக்குக் கட்டளை போட்டார். ஒரு மாதம் பாவம் அந்த மனிதர் நூறுக்குக் கீழே வரவில்லை. மாடசாமி அண்ணனுக்கும் உண்மை சொல்லிச் சொல்லி வாய்ப்புண் வந்துவிட்டதாகச் சொன்னார். ஒரு மழை நாளில், எட்டாம் குழியில், பந்து மூன்றாவது தடவையாகத் தேயிலைக்குள் போனபோது துரை திரும்பி, “மாடசாமி, இன்னைக்கி மட்டும் பழைய கணக்கு” என்றாராம்.

இவ்வளவையும் அன்றைக்கே தர்ஷினியைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னேன். பாதிக்கு மேல் சிரித்துக்கொண்டே கேட்டாள். தொப்பி எண்ணிய இடத்தில் மட்டும் அது எந்த நாள் என்று கேட்டாள். அந்த நாளில் நான் வீட்டுக்கு வந்து, “வேலையில ஒன்னும் விசேசமில்ல” என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“நீ உள்ளதப் போடும்மா. ஆறு மணித்தியாலம் நிக்கிற கஷ்டத்துக்கு அஞ்சுன்னா அஞ்சே எழுது,” என்றேன்.

“அதெல்லாம் நான் அப்பவே போட்டுட்டேம்ப்பா. நிக்கிறதுக்கு அஞ்சு. ஒரு நிமிசம் கண்ண எடுக்க முடியாததுக்கு அஞ்சு. சுப்பவைசருக்கு நாலு.”

“அப்ப எதுக்கு எங்கிட்டக் கேட்ட?”

“கடைசிக் கேள்வி ஒன்னு இருக்கு. ஒங்க வேலைய நெனச்சி வீட்ல கவலைப்படுறாங்களான்னு.”

“என்னா போட்ட?”

“மூணு.”

காலையில் ஒரு தடவை, அவள் வேலைக்கு ஏறுகிற நேரத்தில் ஒரு தடவை, இறங்கிவிட்டாளா என்று ஒரு தடவை, நுவரெலியாப் பக்கம் மேகம் கறுத்தால் இன்னொரு தடவை போன் எடுக்கிற தகப்பன் நான். மூடிய கட்டடத்துக்குள் இருக்கிற குளத்தில் இடி விழாது என்று அவள் பத்து முறையாவது எனக்கு விளக்கியிருக்கிறாள்.

“மூணுதானா?” என்றேன்.

“அஞ்சுதாம்ப்பா. ஒங்களுக்காக ரெண்டு கொறச்சிட்டேன்.”

மனைவி உடைந்த தேத்தண்ணிக் கோப்பையின் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“அழிச்சிட்டு அஞ்சு போடு,” என்றேன்.

போட்டுவிட்டதாகச் சொன்னாள். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். ஐந்து என்றுதான் இருந்தது. நான் இரண்டு தடவை பார்த்தேன்.